போட்டி முடிந்ததும் குப்பையை வீரர்களே எடுக்க வைப்பது எப்படி?

கோல்கம்பம்:
ஒருநாள் கால்பந்துப் போட்டி. 16 அணி, அணிக்கு 12 பேர், இரண்டு மைதானம். சாயங்காலம் பார்த்தால் கோட்டோரம் முழுக்க பாட்டில், மூடி, டேப், பிஸ்கட் கவர். மைக்கில் எத்தனை முறை சொன்னாலும் யாரும் குனிவதில்லை. அபராதம் போடலாமா? "கட்டணம் கட்டித்தானே ஆட வந்தோம்" என்பவர்களுக்கு என்ன சொல்வது?

நடுவட்டம்:
மைக்கில் சொல்வது எல்லாருக்கும் பொதுவாகப் போகிறது, அதனால் யாருக்கும் உறைக்காது. இடத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பெஞ்சையும் சுற்றி 5 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு. அதற்குள் கிடப்பது அந்த அணியின் பொறுப்பு. டாஸ் போடும்போதே கேப்டன் கையில் ஒரு குப்பைப் பை. ஆட்டம் முடிந்து, ஸ்கோர் எழுதுபவர் பெஞ்சைப் பார்த்த பிறகுதான் ஷீட்டில் கேப்டன் கையெழுத்து. அடுத்து வரும் அணி, முன்னால் ஆடியவர்கள் போட்டதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாது. வந்தவுடன் அவர்களே கேட்பார்கள். அதைவிட நல்ல காவல் இல்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு ஆட்டத்துக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். இடைவெளியே இல்லாமல் அட்டவணை போட்டால், அடுத்த அணி வார்ம்அப்புக்கு இறங்கிவிடும், நடுவர் அவசரப்படுத்துவார், பை காலியாகவே கிடக்கும்.

ஆஃப்சைடு:
அபராதம் வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டுக் குப்பையைப் போட்டுவிட்டுப் போவார்கள். முன்பணமாக வாங்கி, கடைசி ஆட்டம் முடிந்து பெஞ்சைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். 16 அணியை நான்கு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு இரண்டு அணி மேலே போனால் லீக் சுற்றோடு 8 அணி வெளியேறும். தோற்ற கடுப்பில் தங்கள் உடைப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான், குப்பை அதிகம் தங்குவதும் அங்கேதான். பரிசளிப்பு வரை காத்திருந்தால் அவர்களைப் பிடிக்க முடியாது. முன்பணத்தை மைதான ஓரத்திலேயே அப்போதே கொடுத்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும்.

கட்டணக் கேள்விக்குப் பதில், விதிமுறைத் தாளில் இதை எழுதி, கட்டணம் வாங்கும் முன்பே அனுப்பிவிடுவது. 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடம் 3-2 என்று தோற்ற ஜப்பான் அணி, உடை மாற்றும் அறையைத் துடைத்து வைத்து, ரஷ்ய மொழியில் நன்றி எழுதிய அட்டையை விட்டுப்போனது. கேப்டன்கள் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள்.

கார்னர்கொடி:
தண்ணீர்தான் முதல் வேலை. 192 பேர் தலைக்கு 3 பாட்டில் என்றால் 576 பாட்டில். 20 லிட்டர் கேன் வைத்து, சொந்த பாட்டில் கொண்டுவரச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்தது டேப். சாக்ஸ் மேல் சுற்றிய டேப்பைக் கிழித்து உருட்டிப் போட்டால் அது புல்லோடு ஒட்டி மறைந்துவிடும். பின்னால் புல்வெட்டும் இயந்திரம் அதைப் பொடிப்பொடியாக்கிவிட்டால் பொறுக்கவே முடியாது. ஆகவே டேப் கழற்றும் இடத்தில், பெஞ்சுக் காலிலேயே ஒரு சின்னப் பையைக் கட்டுங்கள். பெரிய பையையும் தரையில் வைக்காதீர்கள். காற்றில் பறக்கும், காலில் இடறும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் முதலுதவி மேசையில் மூடி போட்ட தனி டப்பாவுக்கு. உடைந்த கண்ணாடியைத் தடித்த கையுறை போட்ட ஏற்பாட்டாளர் மட்டுமே எடுக்க வேண்டும். சிறுவர் அணி என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கோல்கம்பம்:
நன்றி. சுத்தமாக வைத்த அணிக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் தரலாமா?

நடுவட்டம்:
வேண்டாம் சார். ஆட்டத்தில் ஜெயித்தவன் குப்பையால் வெளியேறினால் சண்டை வரும். புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் எல்லாம் சமமான பிறகு, சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் இதை வையுங்கள். அல்டிமேட் ஃப்ரிஸ்பியில் (தட்டை எறிந்து பிடித்து ஆடும் அணி விளையாட்டு) ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எதிரணியின் நடத்தைக்கு ஐந்து தலைப்பில் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள், அதற்குத் தனிப் பரிசும் உண்டு. அதே மாதிரி பெஞ்சுக்கு 0, 1, 2 என்று ஷீட்டிலேயே ஒரு கட்டம் போதும். 0 போட்டால் என்ன கிடந்தது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். "3 பாட்டில், டேப்" என்று இருந்தால் கேப்டன் வாதாட மாட்டார்.