வைஃபை கடவுச்சொல்லைப் பழைய போனிலிருந்து எடுக்க வழி உண்டா?

நண்பர்களே, ஓர் அவசர உதவி வேண்டும். எங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. அதை வைத்த அப்பாவும் மறந்துவிட்டார். தங்கைக்குப் புது மடிக்கணினி வந்திருக்கிறது. திங்கட்கிழமை அவளுக்கு இணையவழி நேர்காணல். அதற்குள் இணைத்தாக வேண்டும்.

இப்போது இணைப்பில் இருப்பது அப்பாவின் போன் மட்டும்தான். அது ஆண்ட்ராய்டு 9. ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபை அமைப்பில் 'பகிர்' என்பதைத் தொட்டால் கியூஆர் குறியீடு வரும், பல போன்களில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் தெரியும் என்று அறிவேன். இந்தப் போனில் அந்த வசதியே இல்லை.

அதே போனின் உலாவியில் 192.168.1.1 என்று தட்டினேன். ரூட்டரின் நுழைவுப் பக்கம் திறக்கிறது, ஆனால் பயனர் பெயர் கேட்கிறது. ரூட்டரின் அடியில் அந்த விவரங்கள் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறது; சமையலறைச் சுவரை ஒட்டியே மாட்டியிருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, வரிசை எண்ணைத் தவிர எல்லா எழுத்தும் அழிந்துபோயிற்று.

ரீசெட் பொத்தானை அழுத்தச் சொல்லாதீர்கள். இது ஃபைபர் இணைப்பு; நிறுவனம் பதிந்துவைத்த அமைப்புகளும் சேர்ந்து அழிந்தால் ஊழியர் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது.

கடவுச்சொல்லை எடுத்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளையும் நான் நம்பவில்லை. போனை ரூட் செய்யாமல், அதாவது அதன் மென்பொருள் கட்டுப்பாடுகளை உடைத்து முழு அதிகாரம் எடுக்காமல், வேறு வழி உண்டா? வரிசை எண்ணைச் சொன்னால் வாடிக்கையாளர் சேவையில் நுழைவு விவரம் தருவார்களா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.