‘தினம் மூணு கப் கிரீன் டீ, கேன்சர் கிட்ட வராது’: பூங்கா போர்டில் இப்படி எழுதலாமா?

அண்ணாநகர் நடையன்:
எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பால் டீக்குப் பதிலாக கிரீன் டீ கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. பிளாஸ்க் பக்கத்தில் தலைப்பில் இருக்கும் வாசகத்தை ஒரு போர்டாக வைக்கலாம் என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நான் சும்மா சொல்லவில்லை. ஷாங்காயில் ஏறக்குறைய 70,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமாக கிரீன் டீ குடித்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அடுத்து இத்தாலி, 2006. புரோஸ்டேட் என்கிற ஆண்களுக்கான சுரப்பியில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்த 60 ஆண்கள். பாதிப் பேருக்கு கிரீன் டீயில் இருக்கும் கேட்டச்சின் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஒரு வருடத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குப் புற்று, மற்றவர்களில் 9 பேருக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேளச்சேரி வேணி:
டீ கொடுங்கள் சார், நல்ல விஷயம். போர்டு மட்டும் வேண்டாம். மருந்தாளுநராக வேலை பார்ப்பவள் என்பதால் இந்த மாதிரி வாசகம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இத்தாலி ஆய்வில் இருந்தது மொத்தமே 60 பேர். அதே கேள்வியை அமெரிக்காவில் 97 ஆண்களிடம் மறுபடி சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். புற்று வந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. நீங்கள் முதலாவதை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள். ஷாங்காய் ஆய்வு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாருக்கும் டீ கொடுத்துச் சோதிக்கவில்லை. தாங்களாகக் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். விரும்பி கிரீன் டீ குடிக்கிறவர் வேறு என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார், இதையெல்லாம் கணக்கில் கழித்தாலும் முழுதாகக் கழியாது. இப்படி 142 ஆய்வுகளை, பதினோரு லட்சம் பேருக்கு மேல் உள்ள தரவை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2020இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கிடைத்த பதில்: ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது, உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

சூளைமேடு டீக்கடை மணி:
நம்ம கடையில் கிரீன் டீ கேட்கிறவர் எல்லாம் கூடவே இரண்டு மசால் வடையும் கேட்கிறார். இதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாநகர் நடையன்:
மணி அண்ணே, வடையை விடுங்க. வேணி மேடம், ‘உறுதியாகச் சொல்வதற்கில்லை’ என்றால் ‘வேலை செய்யாது’ என்று அர்த்தமா? ஜப்பான்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் குடிக்கிறார்கள், எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் பாருங்கள். அப்புறம் இன்னொன்று. இலைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. லாபம் வராத பொருளை எந்த மருந்து கம்பெனி காசு போட்டு ஆராயும்? ஆதாரம் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வேளச்சேரி வேணி:
ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். உலகத்தில் இரைப்பைப் புற்று அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. மியாகி மாகாணத்தில் 26,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2001இல் வந்த ஆய்வில், எத்தனை கப் குடித்தாலும் இரைப்பைப் புற்று குறையவில்லை. அதே மாகாணத்தில் 40,530 பேரை 11 வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வந்தது. தினம் 5 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களில் இதயம், ரத்தநாளம் சம்பந்தப்பட்ட இறப்பு குறைவாக இருந்தது, பெண்களில் இன்னும் தெளிவாக. புற்றுநோய் இறப்பு? அதில் மாற்றம் இல்லை. உங்கள் ஜப்பான் உங்களுக்கு இதயத்தைக் கொடுக்கிறது, போர்டில் நீங்கள் எழுதுவது கேன்சர்.

காப்புரிமைக் கதையும் நிற்காது. கிரீன் டீ சாற்றில் செய்த களிம்பு ஒன்றுக்கு 2006இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்து அனுமதி கொடுத்துவிட்டது. பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு. வேலை செய்கிற இடத்தில் கம்பெனிகள் வரத்தான் செய்கின்றன.

அண்ணாநகர் நடையன்:
நீங்களே கோல் போட்டுக்கொண்டீர்கள் மேடம்! அந்த மரு எதனால் வருகிறது? எச்பிவி வைரஸ். கருப்பைவாய்ப் புற்று எதனால் வருகிறது? அதே எச்பிவி. அப்படியானால்?

வேளச்சேரி வேணி:
குடும்பப் பெயர்தான் ஒன்று, மருவுக்கும் புற்றுக்கும் காரணமான எச்பிவி வகைகள் வேறு வேறு. ஆனாலும் உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அதையும் சோதித்திருக்கிறார்கள். புற்றை உண்டாக்கும் வகை எச்பிவி விடாமல் தங்கியிருந்து, கருப்பைவாயில் ஆரம்பநிலை மாற்றமும் இருந்த 98 பெண்களுக்கு நான்கு மாதம் கிரீன் டீ சாறு அல்லது போலி மாத்திரை. 2014இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுதான். தோலில் நேராகத் தடவுவது வேறு, வாய் வழியாக விழுங்கிக் குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி மிச்சம் போய்ச் சேருவது வேறு. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லைக் கொன்ற அளவு ஈஜிசிஜி (கிரீன் டீயில் இருக்கும் முக்கியமான கேட்டச்சின்), டீ குடித்த மனிதர் ரத்தத்தில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ராயபுரம் பாத்திமா:
இவ்வளவு சண்டைக்கு நடுவில் யாரும் புகையிலையைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் தெருமுனையில் பையன்கள் மாவாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். குட்காவை 2013இலேயே தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று, பாக்கெட் நின்றபாடில்லை. பூங்காவில் ஒரு போர்டு வைக்க இடம் இருந்தால் அதில் ‘வாயில் ஆறாத புண்ணா, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று எழுதுங்கள் அண்ணா. இன்னொன்றும் சொல்கிறேன், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதே உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சொல்லிவிட்டது. பச்சை டீ, பால் டீ, எதுவானாலும். ஆற்றிக் கொடுங்கள்.

சூளைமேடு டீக்கடை மணி:
ஆற்றிக் கொடுத்தால் ‘என்ன மணி, டீ சூடே இல்லை’ என்று திட்டுகிறார்களே தங்கச்சி.

குரோம்பேட்டை குமார்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தப் புற்று. அதற்கு போர்டிசோமிப் ஊசி போய்க்கொண்டிருக்கிறது. மச்சான் எங்கிருந்தோ கிரீன் டீ கேப்சூல் டப்பா வாங்கி வந்து, ‘இது கேன்சரைத் தடுக்கும், ஊசியோடு சேர்த்துக் கொடு’ என்கிறான். போன வாரத்திலிருந்து கொடுக்கிறோம். பரவாயில்லையா?

வேளச்சேரி வேணி:
தம்பி, அந்த கேப்சூலை இப்போதே நிறுத்துங்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அம்மாவின் டாக்டரிடம் பேசுங்கள், அடுத்த ஊசி வரை காத்திருக்க வேண்டாம். குறிப்பாக இந்த ஊசிக்குத்தான் ஆபத்து. போர்டிசோமிப்பில் உள்ள போரான் பகுதியில் ஈஜிசிஜி போய் ஒட்டிக்கொண்டு மருந்தை வேலை செய்யவிடாமல் செய்கிறது என்று செல்களிலும் எலிகளிலும் காட்டி 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். குடிக்கிற கிரீன் டீயையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கேப்சூல் என்பதே வேறு சமாச்சாரம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொன்னது, மாத்திரையாக தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி உள்ளே போனால் ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறுகிறது, அதாவது கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரு வருடம் அந்த அளவில் கொடுத்த ஆய்விலும் சிலருக்கு அப்படித்தான் ஏறியது.

அண்ணாநகர் நடையன்:
குமார், முதலில் மேடம் சொன்னதைச் செய்யுங்கள்.

நான் டீயைத்தான் சொன்னேன், கேப்சூலை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

வேளச்சேரி வேணி:
தெரியும் சார். ஆனால் குமாரின் மச்சான் சொன்ன வாசகமும் உங்கள் போர்டு வாசகமும் ஒன்றுதான்.

அண்ணாநகர் நடையன்:
சரி, கேன்சரை எடுத்துவிடுகிறேன். டீயை எடுக்க மாட்டேன். ‘இதயத்துக்கு நல்லது’ என்றாவது எழுதலாமா?

வேளச்சேரி வேணி:
‘ஜப்பானில் ஒரு மாகாணத்தில் தினம் 5 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய நோய் இறப்பு குறைவாகக் காணப்பட்டது’ என்று எழுதலாம்.

அண்ணாநகர் நடையன்:
மேடம், போர்டு ஒன்றரை அடிதான்.

சூளைமேடு டீக்கடை மணி:
‘டீ இலவசம்’ என்று எழுதுங்கள் சார். கூட்டம் தானாக வரும்.