ஊர் அணிக்காகத் தொண்டை கட்டிய நாள்: உங்கள் அனுபவம் என்ன?

வியாசர்பாடி, சென்னை

என் கதையோடு ஆரம்பிக்கிறேன். அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

எனக்குக் கால்பந்து என்றால் முதலில் மான்செஸ்டர் யுனைடெட்தான். 1999 மே 26, பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, டிவி சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறு நிமிடம் முடிந்து, இஞ்சுரி டைமில் ஷெரிங்காம் ஒன்று, சோல்ஷார் ஒன்று. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த இரவை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இருபது வருடம் கழித்து, 2019 பிப்ரவரியில், அக்கா மகனோடு நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். எங்கள் ஊர் அணியான சென்னையின் எஃப்சி அதற்கு முந்தைய சீசனில்தான் பெங்களூருவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்து, இரண்டாவது முறையாக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியிருந்தது. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார். அடுத்த சீசனிலேயே பட்டியலில் கடைசி இடம். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. அந்த இரண்டில் ஒன்றைத்தான் அன்று பார்த்தேன். எதிரணி அதே பெங்களூரு.

கேலரியில் நிறைய இடம் காலி. ஆனாலும் மேளம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நம் ஜெஜெ கோல் போட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டார். யார் என்றே தெரியாது. அவர் வியர்வை என் சட்டையெல்லாம். இரண்டாம் பாதியில் பெங்களூரு ஒரு கோலைத் திருப்பி 2-1 ஆக்கிவிட்டு, முட்டிக்கொண்டே இருந்தது. கோட்டோரம் த்ரோ எடுக்க வந்த நம் வீரர், நாங்கள் கத்துவதைக் கேட்டு இன்னும் கத்துங்கள் என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். அக்கா மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, நாம கத்துறது அவருக்குக் கேக்குது!"

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை.

உள்ளூர் ஆட்டத்தில் தரம் இல்லை என்பார்கள். தரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும்?

டூட்டிங், லண்டன்

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம், இருபது வருஷமாக இங்கே. எங்கட சனத்தில் அநேகம் பேர் ஆர்சனல், லிவர்பூல், மன்செஸ்டர். நானும் ஆர்சனல்தான். ஒருநாளும் அவர்களுடைய மைதானத்துக்குள் போனதில்லை. டிக்கெட் எடுப்பதும் பாடு, அதற்குக் காசு கட்டுவதும் பாடு.

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் மகன் கேட்பான், "அப்பா, இந்த மேட்ச் ஒன்றுக்குப் போவமா?" ஏஎஃப்சி விம்பிள்டனின் மைதானம் கிட்டத்தான். சரி என்று ஒரு சனிக்கிழமை போனோம். பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான வெள்ளைக்காரர்தான் முழுக் கதையையும் சொன்னார். 2002 இல் அவர்களுடைய பழைய கிளப்பை ஐம்பது மைல் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ரசிகர்களே புதுக் கிளப் தொடங்கி, விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட வந்த பெடியன்களைப் பார்த்து அணி சேர்த்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாவது படியில் இருந்து ஏறி, 2011 இல் ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள். 2020 இல் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

2024 செப்டம்பரில் பெருமழை. வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்து, புல்தரை தாழ்ந்து பெரிய குழியே விழுந்துவிட்டது. நியூகாசிலோடு இங்கே நடக்க வேண்டிய ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்றினார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மனைவியிடம், "எங்கட மைதானம் பழுதாய்ப் போச்சு" என்றேன். "எங்கட" என்று நான் சொன்னதை அவதான் கவனித்தா. ரசிகர்கள் சேர்த்த நிதிக்கு நாங்களும் கொஞ்சம் போட்டோம். அடுத்த மே மாதம் வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று மேல் பிரிவுக்குப் போனபோது, மகன் என் தோளைப் பிடித்துக் குதித்த குதியில் இரண்டு நாள் தோள் நொந்தது.

கோயம்புத்தூர்

உங்கள் இரண்டு பேருக்கும் போய்ப் பார்க்க ஒரு அணி இருக்கிறது. அதைப் படிக்கும்போதே மனசு நிறைந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

2019 மார்ச் 9, எங்கள் ஊர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணிக்குப் பெயரில்தான் சென்னை, ஆடியது கோவையில். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் ஐ லீக் என்ற தேசிய லீக்கின் கோப்பை நமக்கு. மூன்றாவது நிமிடமே கோல் வாங்கிவிட்டோம். அதே நேரம் கோழிக்கோட்டில், கோப்பைக்கு எங்களோடு போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண் பந்தின்மேல், ஒரு கண் பக்கத்து ஆளின் செல்போன்மேல். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி போட்டார். அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல்! 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் ஒரே ஒரு புள்ளியில் கோப்பை எங்களுக்கு. மூன்று நாள் எனக்குக் குரலே வரவில்லை.

2020-21 சீசனுக்குப் பிறகு ஐ லீக்கில் சென்னை சிட்டி இல்லை. பெரிய கிளப் தோற்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எங்களுக்கு அடுத்த வாரமே இல்லாமல் போயிற்று. ஸ்டேடியத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நின்று கத்திய இடத்தைத்தான் கண் தேடும். ஆரஞ்சு ஜெர்சி பீரோவில் மடித்தபடி இருக்கிறது. போட்டுக்கொண்டு போக ஆட்டம் இல்லை.

வியாசர்பாடி, சென்னை

கோவை நண்பரே, அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள். சென்னையில் அடுத்த ஆட்டத்துக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன். எங்கள் அணியின் நீல ஜெர்சிக்கு மாற வேண்டாம். ஆரஞ்சிலேயே வாருங்கள், அக்கா மகனும் நானும் சென்ட்ரலில் நிற்கிறோம்.