இலவச ஆஸ்பத்திரியா, காப்பீட்டு அட்டையா? இலங்கை – தமிழ்நாடு

பொன்மலை ரயில் (திருச்சி)

என் மாமியாருக்கு 71 வயது. யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டியபோது பெயரை எழுதிக்கொண்டு, முறை வர மாதக்கணக்காகும் என்றார்களாம். அதே டாக்டரிடம் மாலையில் தனியார் இடத்தில் போனால் அடுத்த வாரமே செய்யலாமாம். அந்த ‘அதே டாக்டர்’தான் எனக்கு உறுத்துகிறது.

என் மனைவி பதினைந்து வருடமாக “எங்கள் நாட்டில் வைத்தியம் இலவசம், உங்கள் ஊர் மாதிரி இல்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பவள். இப்போது அவளே அம்மாவைப் பலாலியில் விமானம் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிடலாமா என்று கேட்கிறாள். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் சரி, விஷயத்தோடு போடுங்கள்.

கணக்கர் 62 (சென்னை)

யோசிக்காமல் கொண்டுவாருங்கள் சார். தனியார் மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவன் சொல்கிறேன். அரசே கட்டிடம் கட்டி, அரசே டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து, அரசே மருந்தும் வாங்கினால் வரிசை நீளத்தான் செய்யும். வேகமாக வேலை செய்பவருக்கும் மெதுவாகச் செய்பவருக்கும் அங்கே ஒரே சம்பளம்.

தமிழ்நாடு 2009இல் வேறு வழிக்குப் போனது. அரசு காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறது, ஏழை நோயாளி தனியார் மருத்துவமனையிலும் படுக்கிறார். இன்று ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. நேற்று வரை அந்தக் கட்டிடத்துக்குள் நுழையவே பயந்தவர்கள் இதய அறுவைச் சிகிச்சை முடித்து நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இலங்கையில் எல்லாம் ஒரே பையில் இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தப் பை காலியானதும் என்ன நடந்தது? மார்ச் மாதம் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் வழக்கமான அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்தை வாங்கிய விவகாரம். சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பிப்ரவரியில் கைதானார். இதைத்தான் முன்மாதிரி என்கிறீர்களா?

வாட் நம்பர் 9 (யாழ்ப்பாணம்)

நான் தாதி. 2022இல் ஆஸ்பத்திரி வாட்டில் நின்றவள். கையுறையையும், மருந்து ஏற்றக் கையில் குத்தும் கனியூலாவையும் எண்ணி எண்ணி எடுத்தோம். வெளியில் வாங்கச் சொல்லி நோயாளியிடம் துண்டு எழுதிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நாடே வங்குரோத்தான (திவாலான) அந்த வருடத்திலும் வாசலில் வைத்து “முதலில் எவ்வளவு கட்டுவீர்கள்?” என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பீர்கள், கணக்கர் அண்ணா?

மற்றது, பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மாரின் கணக்கைப் பாருங்கள். இந்திய அரசின் 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. எங்களிடம் அது 30ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இது காப்பீட்டு அட்டையால் வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, 1934–35 மலேரியாவில் சனம் செத்து மடிந்த பிறகு கிராமம் கிராமமாக வந்த ஆஸ்பத்திரிகள், வீட்டுக்கு வீடு வரும் குடும்பநல மாது (அரசாங்க மருத்துவச்சி), இவர்களால் வந்தது. 2016இல் மலேரியாவே இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. காப்பீடு வருத்தம் வந்த பிறகுதான் கண் விழிக்கும். குடும்பநல மாது வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கதவைத் தட்டுவாள்.

கணக்கர் 62

அக்கா, அந்தக் கேள்வியை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். என் வேலையே அதுதான்.

ஆனால் 54ஐச் சொன்ன நீங்கள் அதே கணக்கில் கேரளா 19 என்பதையும் சொல்லியிருக்கலாம். தமிழ்நாடு காப்பீட்டை மட்டும் நம்பி நிற்கிறது என்பதும் தவறு. 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து மருந்தை மொத்தமாக வாங்க ஆரம்பித்தோம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு அது.

நான் கேட்பது இதுதான். எல்லாம் இலவசம் என்றால், இலங்கையின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி ஏன் மக்கள் கையிலிருந்தே போகிறது? இந்தியாவில் 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021–22இல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. இலவச நாட்டுக்காரர்களுக்கு எங்களைவிடக் கூடுதலாகக் கையைக் கடிக்கிறதே?

வாட் நம்பர் 9

நல்ல கேள்வி. அந்தப் பாதி எதற்குப் போகிறது என்றும் பாருங்கள். சனலிங் (காசு கட்டி டொக்டரைத் தனியாகப் பார்ப்பது), இரத்தப் பரிசோதனை, பார்மசி. காய்ச்சல் என்றால் ஓபிடி வரிசையில் அரை நாள் போகும், அதனால் வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரம் காசு கட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். தலையிடிக்குக் காசு, தலையில் சத்திரசிகிச்சைக்கு இலவசம். வீடு வளவு விற்று வைத்தியம் பார்ப்பது இங்கே குறைவு என்றால் காரணம் அதுதான்.

பொன்மலை அண்ணாவின் ‘அதே டாக்டர்’ கதைக்கும் வருகிறேன். 1971இல் வெளிநோயாளரிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள், 1977இல் எடுத்துவிட்டார்கள். அதே 1977இல்தான் அரசாங்க டொக்டர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம் என்றும் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே ஆள் காலையில் கிளினிக்கில் ஒரு நிமிடமும் பின்னேரம் சனலிங்கில் பத்து நிமிடமும் தருகிறார். சிலர் சனலிங்கில் ஒரு தரம் காசு கட்டி முகத்தைக் காட்டிவிட்டு, அவருடைய அரசாங்க வாட்டிலேயே அனுமதியாகிறார்கள். அது நியாயமா என்று கேட்டால், இல்லை. நடக்கிறதா என்று கேட்டால், ஓம்.

மேலூர் மணி (மதுரை)

மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ரெண்டு பக்கமும் பார்க்கிறவன். கணக்கர் சொன்ன ஐந்து லட்சம் காகிதத்தில் ஐந்து லட்சம்தான். என் மச்சானைச் சேர்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) “ஆபரேஷன் பேக்கேஜில் வரும், இந்த டெஸ்ட் வராது, இந்த ஊசி வராது” என்று சொல்லிச் சொல்லியே கறந்தார்கள். அட்டை இல்லாமல் போயிருந்தால் ஆரம்பத்திலேயே ஜி.எச்.சுக்குப் போயிருப்போம். அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் உள்ளே போனோம்.

அதற்காக ஜி.எச்.சைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு நோட்டு, குழந்தையைக் காட்ட ஒரு நோட்டு, ஆண் குழந்தை என்றால் நோட்டின் நிறம் மாறும். மருந்து மட்டும் ஒழுங்காகக் கிடைக்கிறது, என் வியாபாரம் அடிபடுவதை வைத்தே சொல்கிறேன்.

நம் ஊரில் கலெக்டர் வீட்டுப் பிரசவம் ஜி.எச்.சில் நடந்தால் மறுநாள் பேப்பரில் படத்தோடு வருகிறது. ஏன் வருகிறது? என் தெருவில் வாத்தியார், வி.ஏ.ஓ., மின்வாரியக்காரர் எல்லாரும் அரசுச் சம்பளம், ஒருத்தர்கூட அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. சத்தம் போடத் தெரிந்தவன் எல்லாம் வெளியே போய்விட்டான், உள்ளே இருப்பவனுக்குச் சத்தம் போடப் பயம். இலங்கையில் அப்படி ஒரு பிரசவம் செய்தியாகுமா அக்கா?

வாட் நம்பர் 9

ஆகாது. என் வாட்டில் வங்கி முகாமையாளரும் மீன்பிடிக்கிறவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். கட்டில் எல்லாம் நிரம்பிவிட்டால் இரண்டு பேருக்கும் பாய்தான். முகாமையாளர் போடுகிற சத்தத்தில் மற்றவருக்கும் சேர்த்து ஸ்கான் திகதி கிடைத்த நாட்கள் உண்டு.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

அக்கா, நீங்கள் எந்த இலங்கையைப் பற்றிக் கதைக்கிறீர்கள்? 1926இல் களுத்துறைக்கு வந்ததும், மலேரியாவுக்குப் பிறகு கிராமத்துக்கு வந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) வரவில்லை. தோட்டத்தில் வைத்தியம் கம்பெனியின் பொறுப்பு என்று அரசாங்கம் கையைக் கழுவி வைத்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே தொண்ணூறுகளில்தான், இன்னும் முடியவில்லை. பல தோட்டங்களில் இன்றைக்கும் டிஸ்பென்சரிதான். நாங்கள் ‘டொக்டரய்யா’ என்று கூப்பிடும் ஆள் டொக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர்.

எங்கள் அம்மாச்சியை இரவில் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம். வைத்தியசாலையில் ஒரு சதம் கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் லொறிக்குக் காசு, அம்மாவின் ஒரு நாள் பெயர் (கூலி) போச்சு, அப்பாவின் ஒரு நாள் பெயர் போச்சு. உங்கள் இலவசம் வைத்தியசாலைக் கேட்டில் இருந்து உள்ளே. கேட் வரைக்கும் யார் கொண்டுபோவது?

வாட் நம்பர் 9

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொன்ன நாட்டுச் சராசரிக்குள் உங்கள் அம்மாச்சியும் இருக்கிறா என்பதை நான் யோசிக்கவில்லை.

கணக்கர் 62

இதைத்தான் சொன்னேன். அரசை மட்டும் நம்பினால், அரசு யாரை மறக்கிறதோ அவர்கள் அவ்வளவுதான். எங்களிடம் 2008லேயே 108 ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. உங்கள் 1990 சுவசெரிய வண்டி 2016இல்தான் தொடங்கியது, அதுவும் இந்திய உதவியில்.

மேலூர் மணி

கணக்கரே, கொஞ்சம் இறங்குங்கள். கொடைக்கானல் பக்கம் வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்ததை எத்தனை தடவை செய்தியில் பார்த்தோம்? 108 ரோட்டில்தான் ஓடும். மலையில் இருப்பவனை மறப்பதில் ரெண்டு அரசும் அண்ணன் தம்பி.

பொன்மலைக்காரருக்கு வருகிறேன், மனிதர் கேட்டது கண்ணைப் பற்றி. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. காசு உள்ளவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ செய்கிறார்கள். லென்ஸ் விலை இடித்ததும் 1992இல் ஆரோலேப் என்று லென்ஸ் தொழிற்சாலையே போட்டார்கள். அரசும் இல்லை, கார்ப்பரேட்டும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போடும் சண்டையில் இது எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியவில்லை.

வாட் நம்பர் 9

கண் என்று வந்தால் எங்களிடமும் ஒரு கதை இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி அனுப்புகிறது. அதுவும் அரசாங்கம் இல்லை, சனம் கொடுப்பது. லென்ஸ் உங்களிடம் மலிவு, கருவிழி எங்களிடம் தாராளம்!

பொன்மலை ரயில்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், மாமியார் இங்கே வந்தால் என் காப்பீட்டு அட்டையில் சேர்க்க முடியுமா?

கணக்கர் 62

முடியாது சார். குடும்ப அட்டையில் பெயர் வேண்டும், வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்று சான்றிதழும் வேண்டும். மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குக் காப்பீடு உண்டு, மருத்துவ விசாவில் வருகிறவருக்குக் கிடையாது. முழுக் காசுதான். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

வாட் நம்பர் 9

அண்ணா, அம்மாவுக்குச் சீனி (சர்க்கரை நோய்) இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். செய்த மறுநாள் பார்க்க வேண்டும், ஒரு கிழமையில் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் திரும்பவும். சொட்டு மருந்து வாரக்கணக்கில் விட வேண்டும். 71 வயதில் தனியாக இருக்கிறவவுக்கு யார் விடுவது? கத்தி வைக்கிற வேலை அரை மணித்தியாலம்தான். இந்தியாவுக்குப் போனால் தங்குகிற செலவு, இங்கே செய்தால் கூட இருக்க ஒரு ஆள். அதைக் கணக்குப் பாருங்கள்.

பொன்மலை ரயில்

நேற்று இரவு மாமியாரிடம் பேசினோம். நாங்கள் இங்கே நாலு நாளாக விவாதம் நடத்துவது தெரியாமல் அவர் வியாழக்கிழமைக்குச் சனல் பண்ணிவிட்டாராம், நம்பர் 34. “டொக்டரோடு ஒருக்கால் கதைத்துவிட்டால் வாட்டில் திகதி தருவார். சத்திரசிகிச்சைக்கு ஏன் காசு கட்ட வேண்டும், அது எங்கடை ஆஸ்பத்திரி” என்கிறார். சீனி இருக்கிறதாம், மாத்திரையும் அங்கேயே கிளினிக்கில் வாங்குகிறாராம். சொட்டு மருந்து விட மனைவி போகிறாள். எனக்கு இங்கே ஒரு மாதம் என் கைச் சமையல்.

மணி அண்ணே, இது எந்தக் கட்சி?

வாட் நம்பர் 9

34 என்றால் இரவு ஒன்பது மணியாகும். அம்மாவை நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், சீனி இறங்கிவிடும்.