கானரா, டங்கனா? ‘ஹைலேண்டர்’ பஞ்சாயத்து

நெய்தல்காரன்:
போன வாரம் நண்பன் வீட்டில் 1986இல் வந்த ‘ஹைலேண்டர்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். அவன் டிவி தொடரை மட்டும் பார்த்து வளர்ந்தவன். பாதிப் படத்தில், “யாருடா இவன்? மெக்லவுட் என்றால் டங்கன்தானே?” என்று கேட்டுவிட்டான். எனக்கு வந்ததே கோபம்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். உலகத்தில் சிலர் சாகாவரத்தோடு பிறக்கிறார்கள். ஒருமுறை செத்து எழுந்த பிறகுதான் அது அவர்களுக்கே தெரியும். அப்புறம் வயது ஏறாது, பிள்ளை பிறக்காது, தலையை வெட்டினாலொழியச் சாவும் கிடையாது. வெட்டுப்பட்டவனின் சக்தி வெட்டியவனுக்குள் மின்னலாய் இறங்கும். புனித மண்ணில் மட்டும் வாள் எடுக்கக்கூடாது. இப்படியே வெட்டிக்கொண்டு போய்க் கடைசியில் ஒருவன்தான் மிஞ்சவேண்டும். படத்தின் நாயகன் கானர் மெக்லவுட், 1518இல் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினனில் பிறந்தவன். நடித்தவர் கிறிஸ்டோபர் லாம்பர்ட். 1992 முதல் 1998 வரை வந்த தொடரில் அதே ஊர், அதே குலம், 1592இல் பிறந்த டங்கன் மெக்லவுட். நடித்தவர் ஏட்ரியன் பால்.

என் கட்சி கானர். டங்கன் வெறும் நிழல். மறுப்பவர்கள் வரலாம்.

சேணம்:
வந்துவிட்டேன். நிழல் 119 எபிசோட் ஓடுமா?

கானர் கையில் இருப்பது ரெண்டு மணி நேரம். அதிலும் குருநாதர் ராமிரேஸாக ஷான் கானரி வந்து வாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் பாதியைத் தின்றுவிடுகிறார். மீதியை வில்லன் குர்கனாக வரும் கிளான்சி பிரௌன் தின்றுவிடுகிறார். படம் பார்த்த யாரையாவது கேளுங்கள்: குர்கன், குயீன் குழுவின் பாட்டு, கடைசியாக “ஹீரோ யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர்”. ஸ்காட்லாந்துக்காரனாகப் பிரெஞ்சு நடிகர், ஸ்பெயின்காரன் வேஷம் போட்ட எகிப்தியனாக ஸ்காட்லாந்து நடிகர். இந்தக் கூத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

பழையவிசிடி:
நான் நடுநிலை. பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நெய்தல்காரன்:
சேணம், அந்த உச்சரிப்புக் குழப்பம்தான் கானருக்குப் பொருத்தம். 450 வருஷம் ஊர் ஊராய் அலைந்தவன் எந்த ஊர்க்காரன் மாதிரிப் பேசுவான்? படத்தில் போலீஸே அதைக் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெதர், கானரின் மனைவி. ராமிரேஸ் வந்து, அவளை விட்டுவிடு, இல்லையென்றால் நொறுங்கிப்போவாய் என்று சொல்லியும் கானர் விடவில்லை. அவள் தலை நரைத்து, இவன் அப்படியே இளைஞனாக இருக்க, அவன் கைகளிலேயே சாகிறாள். என் பிறந்தநாளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்று என்று மட்டும் கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி. குயீன் குழுவின் பிரையன் மே அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் காரிலேயே ‘ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்’ பாட்டை எழுத ஆரம்பித்தார்.

அப்புறம் 1985, நியூயார்க். கானர் ஒரு தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவளுக்குத்தான். எத்தனை நூற்றாண்டு! அங்கே குர்கன் வந்து பக்கத்தில் நிற்கிறான், புனித மண் என்பதால் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பேசத்தான் முடியும். அந்தப் பேச்சில்தான் ஹெதருக்கு அவன் செய்த கொடுமை கானருக்குத் தெரியவருகிறது. வாள் கைக்கு எட்டுகிற தூரத்தில், எடுக்க முடியாது. டங்கனுடைய 119இல் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லுங்கள்.

வாள்பட்டறை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கானர் ஹெதரின் கல்லறையில் தன் குலவாளை நட்டுவிட்டு ராமிரேஸின் ஜப்பானிய வாளோடு போகிறான், இல்லையா? அந்த வாளை மசமுனே கி.மு. 593இல் செய்தார் என்று படம் சொல்கிறது. மசமுனே நிஜமான ஆள், ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14இன் தொடக்கத்திலும் வாழ்ந்த கொல்லர். கிட்டத்தட்ட 1900 வருஷம் பிசகு. சாகாவரம் அந்தக் கொல்லருக்கும் இருந்தது போல.

பழையவிசிடி:
வாள்பட்டறை அண்ணே, மின்னல் பாய்ந்து கார் கண்ணாடியெல்லாம் வெடிக்கிற படத்தில் உங்களுக்கு இடித்தது இதுவா?

வாள்பட்டறை:
மின்னலை நம்பிவிடலாம் தம்பி. வருஷத்தை எப்படி நம்புவது?

சேணம்:
நெய்தல், மெழுகுவத்திக் காட்சியை நான் எங்கே மறுத்தேன்? நல்ல காட்சிதான். ஆனால் அது இழப்பு. இழப்பதற்கு நாயகன் எதுவும் செய்யவேண்டியதில்லை, காலம் செய்துவிடும். டங்கன் கதையில் அவனே செய்கிறான்.

ரிச்சி ரயனை நினைத்துப் பாருங்கள். முதல் எபிசோடில் கடைக்குள் திருட வந்த பொடியன். டங்கன் அவனை வீட்டில் வைத்து வளர்க்கிறான். ரெண்டாவது சீசனில் ஒரு சாதாரண வழிப்பறிக்காரன் சுட்டு, டங்கனின் காதலி டெஸா செத்துப்போகிறாள், கூடச் சுடப்பட்ட ரிச்சி எழுந்து உட்காருகிறான். நூற்றுக்கணக்கான வாள்களுக்குத் தப்பியவன் வீட்டில், ஒரு துப்பாக்கிக் குண்டில் எல்லாம் முடிகிறது. அப்புறம் ரிச்சிக்கு வாள் பிடிக்கக் கற்றுத் தருவதும் டங்கன்தான்.

1997இல் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோட். ஒரு பிசாசு வேண்டியவர்களின் உருவங்களில் வந்து டங்கனைக் குழப்புகிறது. இருட்டில் கண்ணில் படுவதெல்லாம் மாயை என்று நினைத்து வாளை வீசுகிறான். மின்னல் இறங்குகிறது. மாயைக்கு மின்னல் வராது. அந்த ஒரு நொடியில் அவனுக்குப் புரிகிறது பாருங்கள், வசனமே இல்லை. அப்புறம் தன்னைப் போலவே சாகாவரம் பெற்ற நண்பன் மெதோஸ் முன்னால் மண்டியிட்டு, தன் வாளை நீட்டி, என் தலையை எடு என்கிறான். மெதோஸ் மறுத்துவிடுகிறான். பிள்ளை மாதிரி வளர்த்தவனைத் தன் கையாலேயே கொன்ற பிறகு சாகாமல் இருப்பது எப்படி இருக்கும்? கானருக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை.

பழையவிசிடி:
அந்தப் பிசாசுக் கதையை ஆறாம் சீசனிலும் இழுத்தார்களே, அதைப் பற்றிப் பேசவேண்டாமா?

சேணம்:
வேண்டாம்.

நெய்தல்காரன்:
ரிச்சி காட்சிக்கு ஒரு வணக்கம். ஆனால் அதற்கு முன்னால் நான் கடந்து வந்த எபிசோடுகளின் கணக்கு? ஒரு பழைய நண்பன் வருவான். உடனே 1700களில் ஒரு ஃபிளாஷ்பேக், டங்கன் நீளமுடியோடு. திரும்பி வந்தால் நண்பன் கெட்டவனாகியிருப்பான், அல்லது கெட்டவனிடம் தலையைக் கொடுப்பான். 45ஆவது நிமிடம் மின்னல். டங்கனோடு காபி குடித்தாலே தலைக்கு ஆபத்து என்கிற நிலை.

பிள்ளை வளர்த்த கதை படத்திலும் உண்டு, நீங்கள் மறந்துவிட்டீர்கள். ரேச்சல். இரண்டாம் உலகப் போரில் கானர் காப்பாற்றிய சிறுமி. 1985இல் அவன் பழம்பொருள் கடையில் அவனுக்குச் செயலாளர். வளர்த்த மகள் அம்மா வயதில் நிற்கிறாள், அப்பா வாலிபனாக நிற்கிறார். கடைசிச் சண்டைக்குக் கிளம்பும்போது ரெண்டு பேரும் விடைபெறுகிற அந்த நிமிடத்துக்கு ஃபிளாஷ்பேக் குவியல் எதுவும் தேவைப்படவில்லை.

பழையவிசிடி:
சரி, நடுநிலையிலிருந்து இறங்குகிறேன். நீங்கள் ரெண்டு பேருமே தப்பு. தொடரின் உண்மையான நாயகன் மெதோஸ். 5000 வயது. ஹீரோ மாதிரி மார்பைத் தட்டாமல், பீர் பாட்டிலோடு சோபாவில் சாய்ந்து, சாகாவரம் பெற்றவர்களைக் கண்காணித்துக் குறிப்பெழுதுகிற ரகசியக் கூட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, தன்னைத் தேடுகிற வேலையைத் தானே வாங்கி வைத்துக்கொண்ட கில்லாடி. அவன்தான் பல ஆயிரம் வருஷத்துக்கு முன் ஊர் ஊராய் எரித்த நாலு குதிரைவீரர்களில் ஒருவன் என்று பின்னால் தெரியவரும்போது, டங்கன் முகம் போன போக்கு இருக்கிறதே! மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய கொலைக்கு இன்றைக்கு என்ன தண்டனை கொடுப்பது? பத்து ஆயுள் தண்டனை கொடுத்தாலும் வெளியே வந்துவிடுவான்.

அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தது ஏனென்று மெதோஸைப் பார்த்தால் புரியும். நம் ஆள் விவரமானவன்.

சேணம்:
ஔவைக்குக் கொடுத்தது அன்பினால் ஐயா, தப்பித்துக்கொள்ள அல்ல. ஆனால் பாருங்கள், மெதோஸ் என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு கேள்வியை வருஷக்கணக்கில் ஊறப்போட டிவிக்குத்தான் முடியும்.

நெய்தல்காரன்:
அந்த டிவி முதலில் ஒரு திருட்டில் ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள். படத்தில் கானர்தான் கடைசி ஆள். பரிசையும் வாங்கிவிட்டான்: முதுமை, சாவு, பிள்ளை பெறும் பாக்கியம். கதை முடிந்தது. தொடர் வந்ததும் “இல்லையில்லை, இன்னும் நிறையப் பேர் பாக்கி” என்று சொல்லி, முதல் எபிசோடில் லாம்பர்ட்டையே கூட்டி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அது போதாதென்று 2000இல் ‘எண்ட்கேம்’ படத்தில் கானரின் தலையை டங்கனை வைத்தே எடுத்தார்கள். மெழுகுவத்தி ஏற்றியவன் கதி அதுவா?

சேணம்:
அதைக் கானரே கேட்டு வாங்கிக்கொள்கிறான். அந்தப் படத்தின் வில்லன் ஜேக்கப் கெல் அத்தனை தலைகளின் சக்தியோடு வருகிறான், தனித்தனியாக ரெண்டு பேராலும் முடியாது, ஒருவன் சக்தி இன்னொருவனுக்குப் போயாகவேண்டும். டங்கன் மறுக்கிறான், அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவன் வாளை உருவிக்கொண்டு வம்புக்கு வந்து வெட்ட வைக்கிறான். படம் சுமார்தான். ஆனால் எனக்குக் கானரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். இதை வைத்து நான் தோற்றதாக எழுதினால் பதில் வராது.

நெய்தல்காரன்:
எழுதவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

புதுவரவு_7:
அண்ணன்மார்களே, நான் இதில் எதையும் பார்த்ததில்லை. ஹென்றி கேவிலை வைத்துப் புதிதாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். எதில் தொடங்குவது?

சேணம்:
1986 படம். நெய்தல் குதிக்கவேண்டாம், வரிசைக்காகச் சொன்னேன். அப்புறம் தொடர். முதல் சீசனைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். மெதோஸ் வர மூன்றாம் சீசன் ஆகும்.

புதுவரவு_7:
பட்டியலில் 1991இல் இரண்டாம் பாகம் என்று ஒன்று இருக்கிறதே? இவர்களெல்லாம் சைஸ்ட் என்கிற வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்று கதைச்சுருக்கம் சொல்கிறது?

வாள்பட்டறை:
அது அச்சுப்பிழை.

சேணம்:
அச்சுப்பிழைதான்.

நெய்தல்காரன்:
ஆமாம் தம்பி. அச்சுப்பிழை.