புதுப்பிப்பு: யானை, சிப்பாய் எண்ட்கேம் உண்மையில் வெற்றி நிலையா?

நான் வெள்ளையில் ஜெயித்த சதுரங்க ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் போட்டு, இது முறையான வெற்றியா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

நிலை இதுதான்: என் ராஜா டி5, சிப்பாய் இ5, யானை ஏ7. கறுப்பு ராஜா இ8, யானை பி1. கறுப்பின் முறை.

எஞ்சினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரலை) இன்னும் ஆழமாக ஓடவிடச் சொன்ன யோசனையால் எனக்குத் தெளிவு வரவில்லை. தீர்த்து வைத்தது டேபிள்பேஸ்தான், அதாவது குறைந்த காய்கள் உள்ள நிலைகளுக்கு முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தளம். லிச்செஸ் என்ற சதுரங்கத் தளத்தின் அனாலிசிஸ் போர்டில் 7 காய்கள் வரை துல்லியமான முடிவே கிடைக்கிறது. பதில்: டிரா. கறுப்பு யானை பி6-க்கு வந்து ஆறாவது வரிசையைக் காத்திருக்க வேண்டும். சிப்பாய் இ6-க்கு ஏறியதும் பி1-க்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், என் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே காட்டிய தற்காப்பு இது.

நான் எதிர்பாராதது அடுத்ததுதான். ஆட்டத்தில் எதிராளி பி6-க்குப் பதிலாக யானையை இ1-க்குக் கொண்டுபோனார், நான் ராஜா இ6. அப்போதும் டிராதான்! கறுப்பு ராஜா எஃப்8, என் யானை ஏ8 செக், கறுப்பு ராஜா ஜி7; பிறகு என் யானை ஏ நெடுவரிசையை விட்டு விலகினால் கறுப்பு யானை அங்கே போய்ப் பக்கவாட்டில் செக் கொடுக்கப் போதுமான தூரம் இருக்கிறது. அவர் ராஜாவை டி8-க்கு, நீண்ட பக்கத்துக்கு (சிப்பாய்க்கு அதிக நெடுவரிசைகள் உள்ள பக்கம்) நகர்த்தினார். வெற்றி அங்கேதான் பிறந்தது. ராஜா அதற்கு எதிரான குட்டைப் பக்கம் போவதுதான் விதி என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தது அப்படியே சரி.