டகோட்டாவின் இடது இயந்திரம் கரும்புகை கக்கி அணைந்துவிடுகிறது

பாயான் லெப்பாஸ்வாசி (பினாங்கு):
அனைவருக்கும் வணக்கம். 1950களில் மலாயன் ஏர்வேய்ஸ் பறந்ததைப் போல, பினாங்கிலிருந்து கோலாலம்பூரின் பழைய சுங்கை பீசி நிலையத்துக்கு டகோட்டா எனப்படும் டி.சி.-3 விமானத்தைச் சிமுலேட்டரில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் ஒரு வாரமாக ஓடுபாதையைக்கூட எட்டவில்லை. எரிபொருள்-காற்று விகிதத்தை மாற்றும் கலவை நெம்புகோலை அடியில் (எரிபொருளை மூடும் நிலையில்) வைத்து, எரிபொருளை அழுத்தித் தரும் பூஸ்ட்டர் பம்பைப் போட்டு, தொடக்கத்துக்கான பெட்ரோலைப் பீச்சும் பிரைமரை ஐந்தாறு விநாடி அழுத்தி, ஸ்டார்ட்டரில் சுழற்றி, தீப்பொறி தரும் மேக்னெட்டோவைத் திறந்தால் இயந்திரம் உறுமுகிறது. நாலைந்து விநாடியில் கரும்புகை கக்கி அணைந்துவிடுகிறது. தானியங்கித் தொடக்க விசையை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. என் வரிசையில் எங்கே பிழை?

பத்துமலைப் பருந்து (கோலாலம்பூர்):
வரிசை சரி; பிரைமர்தான் அதிகம் என்று நினைக்கிறேன். குளிர்நாட்டுக் கையேட்டின் அளவை நம் ஊர் வெயிலில் அப்படியே பின்பற்றக் கூடாது. சிமுலேட்டரிலும் வெளி வெப்பநிலை 32 பாகை என்றால் இரண்டு விநாடி போதும். சற்று முன்பு ஓடிய இயந்திரமென்றால் பிரைமரே தேவைப்படாது. எரிபொருள் ஏற்கெனவே மிகுந்துவிட்டிருந்தால், கலவையை அடியிலேயே விட்டு, காற்று செல்லும் அளவை மாற்றும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து சிறிது நேரம் சுழற்றுங்கள். காற்று உள்ளே போய் மிகுதியை வெளியேற்றிவிடும். இயந்திரம் பற்றிக்கொண்டதும் த்ராட்டிலை உடனே இழுத்துவிட மறவாதீர்கள்.

பழைய ஸ்பேனர் (செந்தூல்):
தம்பி, நான் சிமுலேட்டர் ஆள் இல்லை. என் பேரன் காட்டித்தான் இதைப் படித்தேன். ஆனால் 14 சிலிண்டர் இயந்திரங்களுக்குக் கீழே நின்று எண்ணெய் வடித்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: புகை கறுப்பு என்று உறுதியாகச் சொல்கிறீர்களா? பிரைமர் தந்த எரிபொருள் தீர்ந்து பட்டினியால் அணையும் இயந்திரம் கரும்புகை விடாது. கரும்புகை வந்தால் வேறு வழியாகவும் எரிபொருள் உள்ளே போகிறது என்று பொருள்.

டகோட்டாவின் ட்வின் வாஸ்ப் இயந்திரத்தில் இருப்பது ஸ்ட்ராம்பர்க் அழுத்தக் கார்புரேட்டர், அதாவது எரிபொருளை அழுத்தத்துடன் உள்ளே பீச்சும் கருவி. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கலவை நெம்புகோல் சிறிது திறந்திருந்தாலும், இயந்திரம் சுழலாவிட்டால்கூட பெட்ரோல் உள்ளே கொட்டும். தீப்பிடிக்கும் அபாயமும் அதனால்தான். ஆகவே முதல் உறுமல் பிரைமரின் பெட்ரோலில் வர வேண்டும்; அது நிலைத்த பிறகே கலவையை ஆட்டோ ரிச் என்ற செறிவான நிலைக்கு நகர்த்த வேண்டும். உங்கள் மேசையில் உள்ள நெம்புகோலைப் பார்க்காதீர்கள். திரையில் விமானி அறைக்குள் இருக்கும் நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மேக்னெட்டோவைத் திறக்குமுன், ஸ்டார்ட்டரில் சுழலும் புரொப்பெல்லரின் ஒன்பது இதழ்கள் கடப்பதை எண்ண வேண்டும்; மூன்று இதழ் புரொப்பெல்லருக்கு அது மூன்று சுற்று. அது வெறும் சடங்கு அன்று. நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால், வெடித்துச் சுழலும் வேகத்தில் பிஸ்டன் தண்டே வளைந்துவிடும். இயந்திரம் 16 சுற்று சுழன்றால் புரொப்பெல்லர் 9 சுற்று திரும்பும் 16:9 என்ற பல்சக்கர விகிதத்தில், புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகத் திரும்பினால் எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை அமுக்கத்தைக் கடந்துவிடும். மூன்று சுற்று என்பது மன நிம்மதிக்கு. இடையில் இறுகி நின்றால் பின்னோக்கித் திருப்பவே கூடாது. எண்ணெய் உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய்ப் பதுங்கி, அடுத்த சுற்றில் திரும்பி வரும். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிப்பது ஒன்றே வழி. உங்கள் கணினியில் வடிப்பதற்கு எண்ணெய் இல்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பாயான் லெப்பாஸ்வாசி:
ஐயா, மிக்க நன்றி. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மேசை நெம்புகோல் அடியைத் தொட்டிருந்தபோதும், விமானி அறையில் இருந்தது ஒரு விரல்கடை மேலே நின்றது! மலிவு விலைக் கருவி, அளவீடு நழுவியிருக்கிறது. அடிப்பகுதிக்குச் சற்று வெற்றிடம் விட்டு மீண்டும் அளவமைத்தேன். ஒன்பது இதழ்கள் எண்ணி, பிரைமரை இரண்டே விநாடி அழுத்தினேன். வெண்சாம்பல் புகை ஒரு கொத்து வந்தது, பிறகு கலவையை நகர்த்தியதும் நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் நின்று ஓடியது. 30 விநாடிக்குள் எண்ணெய் அழுத்தமும் ஏறிவிட்டது. வலது இயந்திரத்தின் கலவைக்கும் அதே மேசை நெம்புகோல்தான் என்பதால், இனி இரண்டுக்கும் தனித்தனி நெம்புகோல் ஒதுக்கப் போகிறேன்.

பத்துமலைப் பருந்து:
அப்படியானால் பிரைமரைக் குற்றம் சொன்னது என் அவசரம். எண்ணெய் 40 பாகை வெப்பத்தை எட்டும்வரை வேகத்தைக் கூட்டாமல் காத்திருங்கள்.